டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்து ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பாரிஸ் பயணக் கட்டுரை, டிஸ்னிலேண்டைச் சுற்றியுள்ள ஊர்களை ‘பூங்காவுக்காக முளைத்த குடியிருப்புகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மகள் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் மனம் கேட்கவில்லை.

1987 மார்ச்சில் டிஸ்னிலேண்ட் அமைக்கப் பிரெஞ்சு அரசும் டிஸ்னி நிறுவனமும் ஒப்பந்தம் போட்டபோது ஐந்து கொம்யூன்கள், அதாவது சொந்த மன்றம் உள்ள ஊர்கள், அந்தத் திட்டத்துக்குள் வந்தன. எல்லாமே பிரி சமவெளியின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த பழைய ஊர்கள். 1992 ஏப்ரலில் பூங்கா திறந்தது, வயல்கள் வீடுகளாகிவருகின்றன. அந்த ஐந்தில் ஒன்று கூப்வ்ரே. பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பிறந்த ஊர்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு பாடம் சொன்னவள் நான். 1809-ல் அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அப்பா குதிரைச் சேணம் தைத்த பட்டறையும் அங்கேதான். மூன்று வயதில் தோல் குத்தும் ஊசி கண்ணில் பட்டது அந்தப் பட்டறையில்தான். அங்கே நின்றபோது என்னால் பேச முடியவில்லை. பார்வை போன பையனை வீட்டோடு வைத்துவிடாமல், பாதிரியார் பாடம் சொன்னார், ஊர்ப் பள்ளி ஆசிரியர் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார், அரண்மனைக்காரர் உதவித்தொகைக்குப் பரிந்து எழுதினார். 1819-ல் பாரிஸில் உள்ள பார்வையற்றோர் பள்ளிக்கு அவனை அனுப்பியது ஓர் ஊரே என்றுதான் நான் சொல்வேன். 1952-ல் அவர் உடலைப் பாரிஸில் நாட்டின் பெரியோர்களை அடக்கம்செய்யும் பாந்தியோனுக்கு எடுத்துப்போனார்கள். கைகளை மட்டும் ஊர் கொடுக்கவில்லை. அவை கூப்வ்ரே கல்லறையிலேயே இருக்கின்றன. என் பிள்ளைகள் விரலால் தமிழ் படித்தது அந்தக் கைகள் வகுத்த ஆறு புள்ளிகளில்தானே!

புதுச்சேரிக்காரர்களுக்கு ‘கொம்யூன்’ புதிய சொல் அல்ல. பாகூரும் வில்லியனூரும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தாம். 1880-ல் பிரெஞ்சு ஆட்சி இங்கே கொண்டுவந்த அமைப்பின் மிச்சம் அது. பிரான்சில் ஆறாண்டுக்கு ஒருமுறை கொம்யூனின் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; மன்றம் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது. கல்யாணப் பதிவும் ‘மேரி’ என்னும் மன்ற அலுவலகத்தில், பள்ளிக் கட்டடக் கவலையும் மேரிக்கு. 1901-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் கூடினாலே ஒரு சங்கம் தொடங்கிவிடலாம். செப்டம்பரில் அந்தச் சங்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்க்கின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் பழைய ஊராரோடு பேசிப் பழகுவது அங்கேதான். என் மகளுக்கு முதல் சிநேகிதி கிடைத்ததும் அப்படி ஒரு தையல் சங்கத்தின் மேசையில்தான்.

டிஸ்னிலேண்ட் போகும் வாசகர்கள் அரை நாளை கூப்வ்ரேக்கு ஒதுக்க வேண்டும். பூங்காவிலிருந்து சில கிலோமீட்டர்தான். அருங்காட்சியகம் திறக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்த இதழில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுச்சேரி