அகராதிச் செயலியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் தமிழ் அகராதிச் செயலியின் புதிய பதிப்பு வெளியாகிவிட்டது. தட்டினால் சொல் கிடைக்கிறது, இணையம் இல்லாமலும் ஓடுகிறது. போன வருடம் இதே நேரத்தில் இதை மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வெளியீட்டுத் தேதி தள்ளிக்கொண்டே போனது, பிழைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது, உழைத்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

முதல் நன்றி, ‘இப்போது புது ஆட்களைச் சேர்க்காதீர்கள்’ என்று தடுத்த மூத்த நிரலாளருக்கு. ஆள் போதவில்லை என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற கணினி இயக்க மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதியதை அவர் எடுத்துச் சொன்னார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். சரி, வேறு என்ன செய்வது? வேலையைக் குறையுங்கள் என்றார். உச்சரிப்பு ஒலி, சொல் விளையாட்டு என ஆசை ஆசையாகச் சேர்த்ததையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, தேடலை மட்டும் பார்க்க வைத்தார். திட்டம் பிழைத்தது அந்த முடிவால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். தான் எழுதிய ஒலிப் பகுதியை எடுத்துவிடச் சம்மதித்து, மறுநாளே தேடல் வேலைக்கு வந்து உட்கார்ந்த தோழிக்கு எப்படி நன்றி சொல்ல!

அப்புறம் ‘கொடி’ என்ற அந்தச் சொல். ஒருவர் தேடினால் வரும், இன்னொருவர் தேடினால் வராது. சோதித்துப் பார்த்த ஆசிரியர் ஒருவர் விடாப்பிடியாக, எந்த விசைப்பலகையில் தட்டினால் வரவில்லை என்று குறித்துக் குறித்து அனுப்பினார். அதில்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, நிரலுக்கோ இரண்டும் வேறு வேறு. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோடு தரப்படி இரண்டும் சமம் என்பதால், ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றும் நிரல் வரி எப்போதோ விடுபட்டுப் போயிருந்தது. எந்த மாற்றத்தில் போனது என்பதை ஒரு கல்லூரி மாணவர் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் ‘பைசெக்ட்’ கட்டளையை வைத்துப் பிடித்தார். மாற்றங்களைப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும் முறை அது; ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய பத்துச் சோதனையில் அகப்பட்டுவிடும். வரியைத் திரும்பச் சேர்த்ததும் ‘கோ’ வரிசையும் கூடவே சரியானது. அன்று இரவு குழுவில் எல்லோரும் மாறி மாறிச் சொற்களைத் தேடிக்கொண்டே இருந்தோம்.

சர்வர் செலவை ஏற்றுக்கொண்டவருக்கும், பழைய போன்களில் ஓட்டிப் பார்த்துப் படம் பிடித்து அனுப்பிய வாசகர்களுக்கும், மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

தள்ளிவைத்த உச்சரிப்பு ஒலியை அடுத்த பதிப்பில் எடுத்துக்கொள்கிறோம். அதை முதலில் எழுதிய தோழியே பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
செயலிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்