‘அவள்’ என்று எழுதும் முன்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் தமிழில் வரும் நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு வரிகள் இவை: “ஆடவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவள் மறுநாள் காவல்துறையிடம் புகார் அளித்தாள்.” மாதைத் தகாத முறையில் தொட்டவருக்கு ‘ஆர்’ விகுதி, தொடப்பட்டவருக்கு ‘ஆள்’ விகுதி. எழுதியவருக்கு யாரையும் தாழ்த்தும் எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் அச்சில் மரியாதை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள்.

இது எப்படி நேர்கிறது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காவல்துறை அறிக்கையும் நீதிமன்ற ஆவணமும் ஆங்கிலத்தில் வருகின்றன. ஆங்கிலத்தில் ஆணுக்கு ஒரு சுட்டுப்பெயர், பெண்ணுக்கு ஒன்று. மரியாதைக்கென்று தனியாக எதுவும் இல்லை. தமிழிலோ ஒவ்வொரு முறையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அவன்’ நாளிதழுக்கு ஆகாது என்று கைக்குத் தெரியும். ‘அவள்’ ஆகாது என்பது அதே கைக்குப் பழகவில்லை. கணினி மொழிபெயர்ப்பைக் கேட்டாலும் பலமுறை இதே கதைதான்: ஆண் மருத்துவர் ‘அவர்’, பெண் மருத்துவர் ‘அவள்’. இலக்கணத்தின் மேல் பழிபோட வழியில்லை. ஒருவரை உயர்த்திப் பன்மையில் சொல்வது வழக்கினால் வந்தது என்கிறது தொல்காப்பியம். அந்த மரியாதையை அது ஆணுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை.

திருத்துவது எளிது. பாதியில் விட்டால்தான் வம்பு. முதலில், புள்ளி வைக்காமல் ‘அவள’ என்று தேட வேண்டும். புள்ளியோடு தேடினால் பெரும்பாலான கணினிகளில் ‘அவளை’, ‘அவளுக்கு’, ‘அவளது’ எல்லாம் தப்பிவிடும். ‘பாதிக்கப்பட்டவள்’, ‘வயதானவள்’ போன்றவற்றை இந்தத் தேடல் பிடிக்காது. அவற்றுக்கு ‘வள்’, ‘வளை’, ‘வளு’ என்று தனியாகத் தேட வேண்டும். அடுத்தது வினைமுற்று. சுட்டுப்பெயரை மட்டும் மாற்றிவிட்டு “அவர் கூறினாள்” என்று அச்சேற்றிய பக்கங்கள் உண்டு. கூறினாள், வந்தாள், கண்டாள், சொல்கிறாள், வருவாள் என ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே மாற்ற வேண்டும். ஒரே சொடுக்கில் எல்லா ‘ாள்’களையும் மாற்றினால் ‘நாள்’ ‘நார்’ ஆகும், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் ‘பெருமார்’ கோயில் ஆகிவிடும்.

எல்லாரையும் ‘அவர்’ ஆக்கினால் புதிய குழப்பம் வரும் என்பதும் உண்மை. “அவர் அவரைப் பின்தொடர்ந்து, அவர் மின்தூக்கிக்குள் நுழைந்ததும் அவரைத் தொட்டார்” என்று எழுதினால் யார் யாரைத் தொட்டார் என்று நீதிபதிக்கே புரியாது. ‘அவள்’ தொடர்ந்து உயிர்வாழ்வதற்கு இந்த வசதிதான் பெரிய காரணம். மாற்றுவழி நம்மிடமே இருக்கிறது. ஆடவர், மாது என்ற இரண்டு சொற்களும் சிங்கப்பூர்ச் செய்தித் தமிழில் நன்றாக வேரூன்றியவை. சுட்டுப்பெயரைக் குறைத்துப் பெயர்ச்சொல்லைத் திரும்பச் சொன்னால் போதும்: “ஆடவர் அந்த மாதைப் பின்தொடர்ந்தார். மாது மின்தூக்கிக்குள் நுழைந்ததும் ஆடவர் அவரைத் தொட்டார்.” நீளமான செய்தியில் ‘புகார்தாரர்’ கைகொடுக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அவன், அவள் இரண்டும் இயல்பானவை, அதில் குறையில்லை. ஆனால் 17 வயதுப் பையன் ‘இளையர்’ ஆகி ‘அவர்’ பெறும்போது, அதே வயதுப் பெண் ‘சிறுமி’யாகவே நின்று ‘அவள்’ பெறுகிறாள் என்றால், அங்கே அளவுகோல் வயது அல்ல.

விகுதியைவிடக் கனமானது சொல். ‘கற்பழிப்பு’ என்ற சொல் இன்னமும் வானொலிப் பேச்சிலும் சமூக ஊடகத் தலைப்புகளிலும் நடமாடுகிறது. குற்றம் செய்தவர் அழித்தது பெண்ணின் கற்பை என்கிறது அந்தச் சொல். அதாவது, இழப்பு அந்தப் பெண்ணுடைய ஒழுக்கத்தில். நம் நாட்டுச் சட்டத்தோடு இந்தப் பொருள் பொருந்தவே பொருந்தாது. தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு திருத்தப்பட்டு 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி கணவர் என்ற காரணத்தால் எவருக்கும் விலக்கு இல்லை. பாதிக்கப்பட்டவர் ஆணாகவும் இருக்கலாம். கணவர் மனைவிக்கு இழைத்த குற்றத்தை அந்தச் சொல்லால் எப்படி எழுதுவது? அதில் அழிந்தது யாருடைய கற்பு? தலைப்பில் இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். கற்பழிப்பு 6 எழுத்து, அதற்கு மாற்றான வல்லுறவு 5 எழுத்து. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

‘மானபங்கம்’ இன்னும் சிக்கலானது, ஏனென்றால் நாம் அதைக் கிட்டத்தட்ட சட்டச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். 354ஆம் பிரிவு பேசுவது ஒருவரின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கில் அவரைத் தாக்குவதை அல்லது அவர்மீது பலவந்தம் காட்டுவதைப் பற்றி. அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. ‘மானபங்கம்’ என்றாலோ மானம் உடைந்தது தொடப்பட்டவருக்கு என்றாகிறது. ‘அத்துமீறல்’ என்று மட்டும் எழுதினால் பிறர் இடத்தில் அத்துமீறி நுழைந்த குற்றத்தோடு குழம்பும். எனவே ‘பாலியல் அத்துமீறல்’ என்று முழுமையாக எழுத வேண்டும். நான்கு எழுத்து கூடும், கூடட்டும். “மாது மானபங்கம்” என்ற தலைப்பில் செய்தவரே இல்லை என்பதையும் கவனியுங்கள். “மாதிடம் பாலியல் அத்துமீறல்: ஆடவருக்குச் சிறை” என்றால் செய்தவரும் வருகிறார், தண்டனையும் வருகிறது.

தொழிற்பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே என்ற வரம்பு இங்கே 1979 முதல் 2003 வரை இருந்தது. வரம்பு போய் இவ்வளவு காலமாகியும் ‘பெண் மருத்துவர்’ போகவில்லை. நோயாளி பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்ட செய்தி என்றால் சரி. மற்ற இடங்களில் ‘மருத்துவர்’ போதும், அர் விகுதி இருபாலுக்கும் பொது. மறுபக்கம், மருத்துவமனைச் செவிலியரைக் குறிக்கும் ‘ஆண் தாதி’. அகராதியில் தாதிக்கு வேலைக்காரி, செவிலித்தாய் என்ற பொருள்கள் உண்டு. ஆண்கள் அந்தச் சொல்லுக்குள் கூச்சத்தோடு நுழைவதில் வியப்பில்லை. ‘மூத்த தாதியர் ஒருவர்’ என்று ஒருமைக்கும் எழுதிப் பழகலாம். தொடக்கத்தில் காதில் இடறும், பிறகு மறந்துவிடும்.

‘உதவி’ என்ற சொல்லையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். அரசாங்கம் சம்பளம் தரும் தந்தையர் விடுப்பு 2025 ஏப்ரல் 1 முதல் 4 வாரங்கள், முதலாளி அதைத் தருவது கட்டாயம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரங்கள். சட்டம் அவரைத் தந்தை என்ற முறையில் வீட்டுக்கு அனுப்புகிறது. நாமோ “மனைவிக்கு உதவியாக விடுப்பு எடுத்த கணவர்” என்று படக்குறிப்பு போடுகிறோம். அவர் குளிப்பாட்டுவது அவருடைய குழந்தையைத்தான். (பட்டிமன்றத் தலைப்புகளைத் தொட்டால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன்.)

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு மூலை: மரண அறிவிப்பு விளம்பரம். மகன்கள், மருமகள்கள் முதலில். மகள்கள், மருமகன்கள் பிறகு. மூத்த பிள்ளை மகளாக இருந்தாலும், கடைசிவரை தாயைக் கவனித்தவர் அவரே என்றாலும், பெயர் கீழேதான். துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் யாரும் கொள்கை பேச முடியாது. அவர்கள் பழைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதித் தருகிறார்கள். மாற்ற வேண்டியது விளம்பரப் பிரிவு கொடுக்கும் மாதிரிப் படிவத்தை. ‘மகன்கள்’, ‘மகள்கள்’ என்ற இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக ‘பிள்ளைகள் (வயது வரிசையில்), அவர்தம் துணைவர்கள்’ என்று ஒரே கட்டம் இருக்கட்டும். பழைய வரிசைதான் வேண்டும் என்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

செய்தி மொழிபெயர்ப்பாளர் ஒருவர்
ஈசூன்