அழாத குழந்தையை முதலில் பார்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடும் நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்தில் பணிக்குச் சேர்ந்து பதினொரு நாட்களே ஆன நிலையில், பன்னிரண்டு குழந்தைகளின் பெயரும் நோயும் உனக்கு மனப்பாடமாகிவிட்டதை எண்ணி உள்ளம் நிறைந்தது. ஆனால் ஒரு வரி மட்டும் என்னை உறங்கவிடவில்லை. மூலைக் கட்டிலில் இருக்கும், பேச்சு வராத சிறுமியைப் பற்றி, "அவள் தொந்தரவே தருவதில்லை, அவ்வளவு அமைதியான குழந்தை" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த வரியால்தான்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் நானும் இதையே சொன்னேன். மூளைவாதத்தால் கைகால்கள் இறுகிப்போன ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் என் பொறுப்பில் இருந்தான். அவன் அழுவதே இல்லை. நானும் பதிவேட்டில் நாள்தோறும் "நலமாக உள்ளான்" என்று எழுதி வந்தேன். ஒருநாள் இரவு, மூத்த பராமரிப்பாளர் ஒருவர் போர்வையை விலக்கி அவனுடைய கால்விரல்களைக் காட்டினார். அவை உள்நோக்கி மடங்கி, இரத்தம் வற்றியதுபோல் வெளுத்திருந்தன. இடுப்பு மூட்டு பிசகியிருந்தது. எத்தனை நாட்களாக என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. அழுதும் எவரும் வராத இடத்திலிருந்து வந்த குழந்தை, நாளடைவில் அழுவதையே விட்டுவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் எழுதிய அந்தப் பக்கங்களை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பேச முடியாத குழந்தையின் வலியை அளக்க ஒரு முறை இருக்கிறது. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, மொத்தம் 10-க்குக் கணக்கிடுவார்கள். நீ அதைப் படித்திருப்பாய். ஆனால் அந்தச் சிறுமிக்கென்று சில தனி அடையாளங்கள் இருக்கும்: மூச்சை நிறுத்திப் பிடிப்பது, ஒரே திசையை வெறிப்பது, பல்லைக் கடிப்பது போன்றவை. அவளை நெடுநாள் பார்த்துக்கொண்டவர்களிடம் கேட்டு, அவற்றை அந்த அட்டவணையின் ஓரத்தில் எழுதி வை. பச்சிளங்குழந்தைகளுக்கு வலி தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்து கொடுக்காமலே அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த வழக்கம் 1980-கள் வரை இருந்தது. கற்றறிந்த மருத்துவர்களே அப்படி நம்பினார்கள் என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்.

வலி நீடித்து இருக்கும் குழந்தைக்கு மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வலி முற்றி அது துடிக்கும்வரை காத்திருப்பது கொடுமை. மருத்துவர் மார்ஃபின் என்ற வலுவான வலிநீக்கி மருந்தை எழுதிக் கொடுத்தால், பழக்கமாகிவிடுமோ என்று அஞ்சி அளவைக் குறைத்துவிடாதே. மாறாக, அதனால் மலச்சிக்கல் வரும் என்பதை நினைவில் வைத்து, அதற்கான மருந்தும் தொடங்கியிருக்கிறதா என்று கேள். அன்பு மிகுந்தவர்கள்கூட இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

உணவூட்டுவதில் அவசரம் கூடாது. தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி உட்காரவைத்து ஊட்டு; ஊட்டி முடித்த பின்னும் அரை மணி நேரம் அப்படியே நிமிர்ந்திருக்கட்டும். மூக்குக் குழாய் வழியாக உணவு பெறும் குழந்தைக்கு, ஒவ்வொரு வேளையும் குழாயின் முனை இரைப்பையில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் ஒரு சொட்டும் ஊற்றாதே. நுரையீரலுக்குள் போன பால் உயிரையே எடுத்துவிடும். கடும் ஊட்டக்குறைவோடு வரும் குழந்தையைப் பார்த்ததும் நிறையக் கொடுக்கத்தான் நம் கை துடிக்கும். ஆனால் அந்த உடல் திடீர்ச் சுமையைத் தாங்காது. அதனால்தான் 100 மில்லி லிட்டருக்கு 75 கிலோ கலோரி மட்டுமே உள்ள மென்மையான பாலை, சிறிது சிறிதாக, இரவிலும் விடாமல் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த நாட்களில் உன் இரக்கம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

குழந்தைகளைப் பார்க்க வரும் பெற்றோரைப் பற்றி நீ சற்றுக் கடுமையாக எழுதியிருந்தாய். அது எனக்கு வருத்தமாக இருந்தது. குணமாக்க முடியாத நோயின் வேதனையைத் தணித்துப் பராமரிக்கும் நோய்த்தணிப்பு இல்லங்களில், உலகில் குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்ட முதல் இல்லமான ஹெலன் ஹவுஸ், 1982-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்டது. அதை நிறுவிய பிரான்சஸ் டொமினிகா என்ற துறவி, அதற்கு முன் கடும் நோயுற்ற ஒரு சிறுமியைச் சில நாட்கள் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அவளுடைய பெற்றோரைச் சற்றே இளைப்பாறவிட்டார். அந்த இல்லத்தின் எண்ணமே அங்கிருந்து பிறந்ததுதான். பிள்ளையை விட்டுச் சென்றவர்கள் அன்பில்லாதவர்கள் என்று முடிவு கட்டாதே. பல மாதங்கள் இரவில் கண்மூடாமல், மருந்துக்கு வழியில்லாமல் தளர்ந்துபோனவர்கள் அவர்கள். அப்படி ஒரு தாய் வரும்போது எழுந்து இடம் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை அவரிடமே கொடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீ ஓராண்டுக்குத்தான் போயிருக்கிறாய். எந்தக் குழந்தையிடமும் "எப்போதும் உன்னோடு இருப்பேன்" என்று சொல்லாதே. மாறி மாறி வரும் முகங்களை நம்பி ஏமாந்த குழந்தைகள் அவர்கள். நாளை காலை வருவேன் என்று சொல், சொன்னபடி வா. புறப்படும் நாள் நெருங்கும்போது முன்கூட்டியே தெரிவித்து, உனக்குப் பின் வருபவரோடு சில வாரங்கள் சேர்ந்து பணி செய்துவிட்டு விடைபெறு.

இந்த வாரம் அந்தச் சிறுமியின் கட்டிலருகே, வேறு வேலை எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்திரு. இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் முகம் சுருங்குகிறது, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா, உன் கை பட்டதும் விரல்கள் விரிகின்றனவா, மடங்குகின்றனவா என்று கவனித்து, முதலில் மருத்துவரிடம் சொல். பிறகு எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா