பெரியா கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எந்தக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தாலும் அதே படம்தான்: புல்வெளி, நாலு நிறத்தில் நாலு பிள்ளைகள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. "இதில் எங்கே பன்முகத்தன்மை அதிகம் சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. உன் பட்டியலில் நான் நேரில் பார்த்தது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் பெரியா கல்லூரி ஒன்றுதான். நான் இருக்கும் லெக்சிங்டனிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உன் தோழிகளும் இதையே கேட்கிறார்கள் என்றாயே, எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

மொத்தமே சுமார் 1,500 மாணவர்கள். 1892 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளை ஏறக்குறைய சேர்ப்பதே இல்லை. வருமானம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பெரும்பாலோர் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பிள்ளைகள், பலர் அவரவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வெளிநாட்டு மாணவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் போட்டி கடுமை. இது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது கலை, அறிவியல் என்று பல துறைகளையும் கலந்து படிக்கும் இடம். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் வேலை கிடைக்காத படிப்பு என்று உன் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸும் உண்டு, நர்சிங்கும் உண்டு. அதை அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். விரும்பினால் செய்யலாம் என்ற கதை இல்லை, விதிவிலக்கும் இல்லை. சமையற்கூடம், நூலகம், பண்ணை, தறி, கல்லூரிக்குச் சொந்தமான பூன் டாவர்ன் ஓட்டல் என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். சீமாறு கட்டும் பட்டறைகூட ஒன்று இருக்கிறது. சாயம் ஏற்றிய ஒருவகைச் சோளத்தட்டின் கதிர்களைக் கைப்பிடியில் வைத்து, கம்பியால் இறுக்கிச் சுற்றி, பிறகு தட்டையாக அழுத்தித் தைக்கிறார்கள். சிவப்பும் ஊதாவுமாக, கூட்டவே மனசு வராத மாதிரி இருக்கும்.

இதை அப்பத்தாவிடம் போனில் சொன்னபோது, "காசு கட்டாம படிக்கறதுக்கு அங்க போயி சீமாறு புடிக்கோணுமா?" என்றார். அந்தக் கேள்வியில் நம் ஊரே அடங்கியிருக்கிறது. நம் கல்லூரி விடுதிகளில் சீமாறு யார் கையில் இருக்கும், கக்கூஸ் கழுவ யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டுகிறவர் மட்டும் எப்போதும் அதே தெருவிலிருந்து வருவார். பெரியாவில் நீ சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறவள் நாளைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதுவாள். அடுத்த பருவத்தில் அவள் தட்டை நீ கழுவுவாய். என்னைக் கேட்டால், அந்த நாலு நிறப் படத்தைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அதற்காக அது சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற பாதிரியார் 1855-ல் தொடங்கிய பள்ளி அது. எல்லா மக்களும் ஒரே ரத்தம் என்ற பைபிள் வசனம்தான் அதன் கொள்கை. 1859-ல் ஆயுதத்தோடு வந்தவர்கள் அவரையும் கூட இருந்தவர்களையும் ஊரைவிட்டே துரத்தினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து திரும்பி வந்தார்கள். 1866-67-ல் மாணவர் 187 பேர்: கறுப்பர் 96, வெள்ளையர் 91. அடிமை முறை ஒழிந்த மறு வருஷமே, அதுவும் தென்பகுதியில், இந்தக் கணக்கு! கறுப்பர் வரலாற்றுக்கென்று 1926-ல் ஒரு வாரம் ஒதுக்கவைத்த கார்ட்டர் வுட்சன் 1903-ல் பட்டம் வாங்கியது இங்கேதான்.

மறு வருஷமே கென்டக்கி சட்டமன்றம் 'டே சட்டம்' கொண்டுவந்தது: கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது. மாநிலத்தில் அப்போது அப்படிச் சேர்ந்து படித்த கல்லூரி இது ஒன்றுதான். கல்லூரியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1908-ல் தோற்றது. நீதிபதி ஹார்லன் அந்தத் தீர்ப்பை மறுத்து எழுதினார், அவரும் கென்டக்கிக்காரர். கறுப்பு மாணவர்களுக்குப் பணம் கொடுத்து வேறு கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்தார்கள். மறுபடி அவர்கள் உள்ளே வர 1950 ஆயிற்று. பழியை முழுக்கச் சட்டத்தின் மேல் போடவும் எனக்கு மனசில்லை. 1892-ல் வந்த கல்லூரித் தலைவர் ஃப்ராஸ்ட் மலைநாட்டு வெள்ளையர்களைச் சேர்ப்பதில்தான் குறியாக இருந்தார். சட்டம் வருவதற்கு முன்பே கறுப்பர் பங்கு சரிந்திருந்தது. கட்டிக் காத்தால்தான் நிற்கும் விஷயம் இது.

அந்த மலைப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பேச்சைக் கேட்டால் பட்டணத்து அமெரிக்கர்கள் 'ஹில்பில்லி', அதாவது மலைப் பட்டிக்காட்டான், என்று சிரிப்பார்கள். நீ தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வாயைத் திறக்கத் தயங்கினாய் இல்லையா, அந்தத் தயக்கம் அவர்களுக்கும் தெரியும். நிறத்தை வைத்து யாரோடு ஒட்டும் என்று இப்போதே முடிவு செய்யாதே.

அப்புறம், ஊர் ரொம்பச் சின்னது. ராகி மாவு, புளியெல்லாம் லெக்சிங்டனுக்கு வந்துதான் வாங்க வேண்டும். அதற்கு நான் இருக்கிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்குச் செலவில் எவ்வளவு தருகிறார்கள், நீ எவ்வளவு போட வேண்டும் என்பதைச் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேள். வாட்ஸப் குழுவில் வருவதை நம்பாதே. விண்ணப்பக் கட்டுரையில் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று தொடங்கியிருந்தாயே, அதை அடித்துவிடு. உங்கள் பள்ளியில் வகுப்பறையைக் கூட்ட யார் யாரை அனுப்புவார்கள் என்று போன தீபாவளிக்கு என்னிடம் சொன்னாய் அல்லவா, அதை எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா