பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரி

அன்புடையீர், வணக்கம்.

நாவலின் கடைசி அத்தியாயம் நேற்றிரவு அச்சுக்குப் போய்விட்டது. கடந்த மூன்று வாரங்களும் நான் எப்படி இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நான் எழுதிய அந்த இரவில் பதில் எழுதியவர்களே நீங்கள்தான்.

இந்த மடலின் பெரும்பகுதி, நம்மில் எவரும் நேரில் பார்த்திராத பிழைதிருத்துநர் அம்மையாருக்கு உரியது. ஒற்றுப்பிழை பார்த்துத் தருவது மட்டுமே அவருடைய வேலை. விடுபட்ட ஒரு 'ப்'பைச் சேர்த்துவிட்டு, அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இவள் சிரிக்கும் இடங்களில் எல்லாம் எதிரில் யாரோ இருக்கிறார்கள். தனியாகச் சிரிப்பது 148இல் மட்டும்."

உடனே 148ஆம் பக்கத்தைப் புரட்டினேன். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும் என் நாயகி, பாதி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பாட்டொன்றில் அடுத்த வரி மறந்துபோனதற்காகத் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். மகன் வந்து சேரும் வரை பொழுதைக் கடத்துவதற்காக மட்டுமே நான் எழுதிய பத்தி அது. முடிவிலோ, வீடு நிறைந்த உறவுகளின் நடுவே நின்று, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று அவள் சொல்கிறாள். பிரதியைப் படித்த நீங்கள் அந்தச் சொல்லை நம்பியவர்களும் நம்பாதவர்களுமாகப் பிரிந்து நின்றபோது, எழுதியவன் சொல்கிறேன், அவள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறாள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

உயிரோடிருக்கும் ஒருவரிடம் நாளைக்கு மறுபடி கேட்டுப் பார்க்கலாம். கதைமாந்தருக்குக் கடைசிப் பக்கத்துக்கு அப்பால் நாளை என்று ஒன்று கிடையாது. அவள் சொல், கதைசொல்லியின் சொல், அவள் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றுமே நமக்குள்ள சாட்சிகள். மனத்துக்குள் நான் வைத்திருந்த எண்ணம் நான்காவது சாட்சியாகாது என்பதை அந்த இரண்டு வரி எனக்கு உணர்த்தியது. அன்றிரவே, உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துப் படித்தேன். எட்டு மெய்ப்பாடுகளில் இறுதியாக உவகையை, அதாவது மகிழ்ச்சியை, வைக்கும் தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கையும் அது பிறக்கும் நிலைக்களன்களாகக் காட்டி, துன்பம் நீங்கிய மகிழ்ச்சி என்ற பொருளில் 'அல்லல் நீத்த உவகை' என்கிறார். என் முடிவில் செல்வம் இருந்தது, பிரிந்தவர் கூடிய புணர்வும் இருந்தது. அல்லல் மட்டும் நீங்கவே இல்லை. அவள் மகிழ்ந்தது துணி மடித்த அந்தச் சிறுபொழுதில்தான் என்பதே இப்போது என் தீர்ப்பு.

ஆகவே, "அவள் மகிழ்ச்சியாக இருந்தாள்" என்று கதைசொல்லி கூறும் வாக்கியத்தை நீக்கிவிட்டேன். "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொன்னபடியே ஒவ்வொருவர் முகத்தையும் அவள் பார்த்தாள் என்பதோடு அத்தியாயம் முடிகிறது.

பிரதியை இரண்டு முறை முழுமையாகப் படித்தவர்களுக்கும், என்னோடு சண்டை போட்டவர்களுக்கும், நள்ளிரவில் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தவருக்கும், கெடுவை நீட்டித்துக் கொடுத்த பதிப்பாளருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. படைத்தவன் நான் என்ற உரிமையில் இனி எந்தக் கதைமாந்தரின் மனத்துக்கும் வாசகரிடம் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

அச்சில் பக்க எண் மாறியிருக்கும். முதல் படி கைக்கு வந்ததும், அவள் துணி மடிக்கும் பக்கத்தைத் தேடி ஓர் அடையாளத்தாள் வைத்து அந்த அம்மையாருக்கு அனுப்புவேன்.