வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் என்னும் தோல்நோய், ரத்தம் கெட்டதால் வருவதல்ல. தொட்டால் ஒட்டுவதும் அல்ல. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஐஎல்-23, ஐஎல்-17 என்னும் புரதங்களை அளவுக்கு மீறிச் சுரப்பதால், மேலே வர ஒரு மாதம் ஆக வேண்டிய தோல் செல்கள் நாலைந்து நாளிலேயே வந்து குவிகின்றன. வெள்ளைச் செதிலாக உதிர்வது அவைதான். பரம்பரையில் இதற்கான கூறு இருப்பவருக்குத் தொண்டைப் புண், மனஅழுத்தம், புகை, மது, மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை என எதுவும் இதைக் கிளப்பிவிடலாம். சிராய்த்த இடத்திலும் புதுப்படை வரும். எனவே செதிலை நகத்தால் உரிக்க வேண்டாம்.

பலர் ஏமாறுவது ஸ்டீராய்டு ஊசியிலும் மாத்திரையிலும்தான். சில நாளில் தோல் தெளிந்துவிடும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும்; சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து சீழ்க்கொப்புளங்கள் கிளம்பி, உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொரு ஆபத்து மெத்தோட்ரெக்ஸேட். நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சொரியாசிஸுக்கு வாரத்துக்கு ஒரே நாள்தான், பொதுவாக 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. மற்ற மாத்திரைகளைப் போல தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகலாம். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் போலிக் அமில மாத்திரையும் பார்க்க இதைப் போலவே சிறியதாக, மஞ்சளாக இருப்பதுண்டு. மாற்றிப் போட்டுவிடுவது எளிது. கோ-ட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை சேர்ந்தால் நச்சுத்தன்மை பெருகும். மது கூடவே கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடவும் கூடாது.

இன்று ஐஎல்-17, ஐஎல்-23 ஆகியவற்றையே குறிவைக்கும் ஊசிகள் வந்துவிட்டன. செகுகினுமாப் தொடக்கத்தில் வாரந்தோறும், பிறகு மாதம் ஒருமுறை. குசெல்குமாப் முதல் இரண்டு ஊசிக்குப் பின் 8 வாரத்துக்கு ஒன்று. நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் டிஒய்கே2 நொதியைத் தடுக்கும் டியூக்ராவாசிடினிப் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஊசி தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். உடலில் உறங்கிக் கிடக்கும் கிருமி, டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளால் குறிப்பாக விழித்துக்கொள்ளும்.

சொரியாசிஸ் மூட்டையும் தாக்கலாம். காலையில் எழுந்ததும் விரல் மூட்டு வீங்கி விறைத்திருந்தால், நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால், அதை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு சிதைந்தபின் சரிசெய்ய முடியாது.

மருந்துக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கும் உறையில் 'ஞாயிறு மட்டும்' என்பதுபோல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

– தோல்நோய் மருத்துவர், மதுரை