நீ பிறந்த 1986

ஆலங்காயம்

அன்புள்ள மலர்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கு நலம். கயலின் பள்ளியில் ‘தாய் அல்லது தந்தை பிறந்த ஆண்டில் உலகில் நடந்தவை’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், நீ இணையத்தில் திரட்டிய பட்டியலில் ஏதேனும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பார்த்தேன். தேதிகள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் எல்லாச் செய்திகளும் ஒரே உயரத்தில், பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வரிசையில் நிறுத்திய பிள்ளைகளைப் போல நிற்கின்றன. அந்த ஆண்டில் இருந்தவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. சில செய்திகள் நாள் கடந்து வந்தன. சில வந்தும் நம் காதில் ஏறவில்லை. கயலுக்கு இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

ஆண்டு தொடங்கியது நம் மலையிலிருந்துதான். ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கு வைணு பாப்பு என்று பெயர் சூட்டினார். அதைக் கனவு கண்டு, இடம் தேடி, வேலையைத் தொடங்கிவைத்த அந்த வானியலாளர் 1982-இலேயே காலமாகிவிட்டார். தன் பெயரைத் தாங்கிய கண்ணாடியில் ஒரு விண்மீனையும் அவர் பார்க்கவில்லை. முழுவதும் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய கருவி அது. உன் பட்டியலில் இது இல்லை. கனடாவில் தொகுத்தவர்களுக்கு ஜவ்வாது மலை எங்கே தெரியப்போகிறது?

அதே மாதம் 28-ஆம் தேதி அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். நமக்கு அப்போது இரவு பத்து மணி கடந்திருந்தது, மறுநாள்தான் தெரிந்தது. அந்த ஏழு பேரில் ஒருவரான கிறிஸ்டா மெக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போனவர். அதனாலேயே அந்நாட்டுப் பிள்ளைகள் பலர் வகுப்பறையிலேயே தொலைக்காட்சி முன் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று யாரும் அதிகம் பேசவில்லை. முந்தைய இரவின் கடுங்குளிரில் ஒரு ரப்பர் வளையம் தன் நெகிழ்ச்சியை இழந்ததுதான் காரணம் என்பதை, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஒரு கோப்பைப் பனிநீரில் அந்த ரப்பரை முக்கிக் காட்டினார் என்று பிறகு படித்தேன். உடனே நானும் ஐஸ் கட்டி வாங்கிவந்து சைக்கிள் டியூப் துண்டை முக்கி ஒன்பதாம் வகுப்பில் செய்து காட்டினேன். டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள்தான் எனக்காகப் பெரிய மனதுடன் தலையாட்டினார்கள்.

ஹாலி வால்நட்சத்திரத்தைப் பற்றி உன் பட்டியலில் ஒரே வரி. சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது என்று சொல்லிச் சொல்லி, ஊரே வானத்தைக் கிழித்துக்கொண்டு வரப்போகும் ஒரு தீப்பந்தத்துக்காகக் காத்திருந்தது. மார்ச் மாதத்தில் விடியுமுன் இருபது மாணவர்களை மலைச்சாலைத் திருப்பத்துக்கு அழைத்துப்போய்த் தென்கிழக்கைக் காட்டினேன். பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல ஒரு மங்கல், அவ்வளவுதான். “இதுதானா சார்?” என்று ஒருவன் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதமே ஐரோப்பியர்களின் ஜியோட்டோ விண்கலம் அதன் கருவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் பறந்து படமெடுத்தது. இத்தனை ஒளிவீசும் பொருளின் நடுப்பகுதி கரியைவிடக் கறுப்பு என்பது அப்போதுதான் தெரியவந்தது. அந்தப் பையனிடம் இதைச் சொல்ல முடிந்தபோது அவன் பள்ளியை விட்டே போய்விட்டிருந்தான்.

செர்னோபில் பற்றிக் கயலிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருந்தாய். ஒளிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ஏப்ரல் 26 அதிகாலை, அன்றைய சோவியத் ஒன்றியத்தில், இன்றைய உக்ரைனில் இருக்கும் அந்த அணுமின் நிலையத்தின் நான்காம் உலை ஒரு சோதனையின்போது வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரத்தாருக்கு அன்று முழுவதும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகலில்தான் பேருந்துகள் வந்தன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிச் சென்ற மக்கள் குடியேறத் திரும்பவே இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி எப்படிக் கசிந்தது என்பதைக் கயலுக்குக் கட்டாயம் சொல். 28-ஆம் தேதி சுவீடனில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக்கு வேலைக்கு வந்த ஒரு பணியாளரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தது. தங்கள் உலையில் கசிவில்லை என்று உறுதியான பிறகு அவர்கள் காற்று வந்த திசையைப் பார்த்தார்கள். அன்றிரவுதான் மாஸ்கோ சில வரிகளில் ஒப்புக்கொண்டது.

அந்த நாட்களில் ஆலங்காயத்தில் நாங்கள் எதைப் பேசிக்கொண்டிருந்தோம் தெரியுமா? ஷார்ஜாவில் ஏப்ரல் 18 அன்று கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஜாவேத் மியான்தத் அடித்த சிக்சரை. தேநீர்க் கடையில், பேருந்தில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அந்த ஒரு பந்துதான். சில நாள் கழித்து ஒரு நகரமே காலியான செய்தி வந்தபோது, அது எங்கோ ரஷ்யாவில் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டோம். நீ வயிற்றில் ஏழு மாதம். உன் அம்மா மட்டும், கல்பாக்கம் நமக்கு எத்தனை மைல் என்று ஒருநாள் கேட்டாள். நான் வரைபடத்தை எடுத்து அளந்து சொன்னேன்; அவள் கேட்டது தொலைவையல்ல என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

நீ ஜூலை முதல் வாரத்தில் பிறந்தாய். உன்னைப் பார்க்க வந்த உன் சித்தப்பா, உன் முகத்தைப் பார்த்ததைவிட மரடோனாவைப் பற்றிப் பேசியதே அதிகம். மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிய ஒரு கோலையும், நான்கே நிமிடங்களில் பாதி மைதானத்தைக் கடந்து ஆளாளாக ஏமாற்றி அடித்த இன்னொரு கோலையும் ஒரே மனிதன் ஒரே ஆட்டத்தில் போட்டது அவனுக்குத் தாங்கவில்லை. அர்ஜென்டினா கோப்பையை வென்றது.

செப்டம்பர் 22-ஐப் பற்றி எழுதினால் கயலின் ஆசிரியைக்கு விளங்காது என்று நீ சொல்வாய். இருந்தாலும் எழுதச் சொல். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் ஐந்து நாள் ஆட்டம். டீன் ஜோன்ஸ் என்பவர் சென்னை வெயிலில் வாந்தியெடுத்தபடியே எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 எடுத்து, நேராக மருத்துவமனைக்குப் போனார். கடைசி நாளில் நமக்கு 348 தேவை. எனக்கோ காலாண்டுத் தேர்வு மேற்பார்வை. அலுவலக உதவியாளர் வானொலியைக் கேட்டுவிட்டு வராண்டாவில் நடந்துபோகும் சாக்கில் விரல்களால் எண்ணிக்கை காட்டுவார். தேர்வெழுதும் பிள்ளைகளும் அதை ஓரக்கண்ணால் பார்த்தார்கள், நான் பார்க்காதவன் போல இருந்துகொண்டேன். 347-இல் எண்ணிக்கை சமமாகி, ஒரு பந்து மீதமிருக்க மணிந்தர் சிங் ஆட்டமிழந்தார். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் 1960-இல் பிரிஸ்பேனில் ஒரு முறைதான் அப்படி நடந்திருந்தது. அடுத்த சில நாட்களில் சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா நான்கு தங்கம் வாங்கினார். இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் மொத்தமே ஐந்து. உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் பாட்டி, இவளும் ஓடுவாள் என்றார். நீ ஓடவில்லை, போகட்டும்.

சினிமாவைச் சுருக்கமாகச் சொல்லலாம். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ குடும்பம் குடும்பமாகக் கூட்டத்தை இழுத்தது. தீபாவளிக்கு வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் என்ற பொருளை எங்களில் யாரும் நேரில் கண்டதில்லை.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 11 அன்று, உன் நாடாகிவிட்ட கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 பேர். அனைவரும் இலங்கைத் தமிழர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வாழ வழியின்றி மேற்கு ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு, தன் படகில் ஏற்றிக்கொண்டு, மற்றப் படகுகளையும் அழைத்தார். பயத்தில் முதலில் இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று சொன்னார்கள்; பிறகு உண்மை தெரிந்து கசப்பான பேச்சுகளும் எழுந்தன; ஆனாலும் கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

அந்த மாதம் இந்தச் செய்தியை நான் படித்தேனா என்றுகூட நினைவில்லை. நீ ஒன்றரை மாதக் குழந்தை, இரவெல்லாம் அழுதாய். மியான்தத்தின் சிக்சர் எந்தப் பக்கம் பறந்தது என்பது இன்றும் கண்ணில் நிற்கிறது. நம் மொழி பேசும் 155 பேர் அந்தக் கடலில் மிதந்தது நினைவில் இல்லை. டொரன்டோவில் கயலோடு தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் அப்படகில் வந்தவர் யாரேனும் இருக்கலாம். இருந்தால், அவர்கள் பேச விரும்புகிறார்களா என்று முதலில் நீ கேள். விரும்பினால் மட்டும் கயலை அழைத்துப்போ. அவர்கள் சொல்வதை அவள் தமிழிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். ஆங்கிலத்துக்கு மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வருபவர் கையில் கொடுத்தனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை கயலைக் காணொளியில் பேசச் சொல். மணிந்தர் சிங் ஆட்டமிழந்ததைக் கடிதத்தில் சொல்ல முடியாது; துடைப்பத்தை மட்டையாகப் பிடித்து நின்று காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா